‘புற்றுநோய்க்கு ஆக்சிஜன்தான் எமன்’ என்று சுற்றும் செய்தி: இதில் எவ்வளவு உண்மை?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் சித்தப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். வயது 61. அடுத்த வாரம் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்குகிறது. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் ஏழு வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து எல்லோரையும் குழப்பிவிட்டது. “ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் புற்றுநோய் செல் உயிர்வாழாது. இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 1931இல் ஓட்டோ வார்பர்க் நோபல் பரிசு பெற்றார். மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன” என்று தொடங்குகிறது. மூச்சுப்பயிற்சி, அழுத்த ஆக்சிஜன் அறை, தண்ணீரில் கலந்து குடிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. சித்தி ஒரு தனியார் மையத்தில் ஆக்சிஜன் அறைக்கு முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார். கதிர்வீச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைப் பார்ப்போம் என்கிறார்.

முழுப் பொய் என்று தள்ளிவிடவும் எனக்குத் துணிவில்லை. தேடிப் பார்த்தால், புற்றுநோய்க் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருப்பது உண்மைதான் என்றும், செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது என்றும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் வீட்டில் படித்துக் காட்டுவேன்.

கதிர்ப்பட்டறை

தாமிரபரணி அம்மா, மற்றவற்றை அப்புறம் பேசலாம். அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள். செறிவான பெராக்சைடு வயிற்றுக்குள் போனதும் வாயுவாகப் பிரியும். அந்தக் குமிழ்கள் இரத்தக் குழாய்களில் புகுந்து அடைத்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதேபோல் கதிர்வீச்சைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம்.

நான் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுத் துறையில் மருத்துவ இயற்பியலாளனாக இருக்கிறேன். வார்பர்க் பற்றிய செய்தியில் இருப்பது பாதி உண்மைகூட இல்லை. 1931ஆம் ஆண்டு நோபல் பரிசு, செல்களின் சுவாச நொதியின் இயல்பையும் அது வேலை செய்யும் விதத்தையும் கண்டறிந்ததற்காகத் தரப்பட்டது. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததற்காக அல்ல. புற்றுநோய் பற்றி அவர் 1920களில் கவனித்தது வேறு. கட்டியின் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் சர்க்கரையை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகின்றன என்பதுதான் அது. அதாவது அந்தச் செல்கள் ஆக்சிஜன் நடுவிலும் நன்றாகவே வாழ்கின்றன. ஆக்சிஜன் பட்டாலே அவை செத்துவிடும் என்றால் நுரையீரலில் புற்றுநோய் வரவே கூடாதே.

ஆனால் ஆக்சிஜன் குறைவு என்பது கட்டுக்கதை இல்லை. அதில் உங்கள் சித்தப்பாவின் சிகிச்சைக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

1955இல் பிரிட்டனில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோயின் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். (கதிர்வீச்சை அளக்க நாங்கள் தினமும் சொல்லும் ‘கிரே’ என்ற அலகு அவர் பெயர்தான்.) புற்றுநோய் செல்கள் தண்டு தண்டாக வளர்ந்திருந்தன. இரத்தக் குழாய்கள் தண்டுக்கு வெளியே. ஆரம் 160 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருந்த தண்டுகளில் எல்லாச் செல்களும் உயிரோடு இருந்தன. 200 மைக்ரானைத் தாண்டிய தண்டு ஒவ்வொன்றிலும் நடுப்பகுதி செத்துப்போயிருந்தது. தண்டு எவ்வளவு பருத்தாலும் உயிருள்ள விளிம்பின் தடிப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இரத்தக் குழாயிலிருந்து புறப்படும் ஆக்சிஜன், வழியில் உள்ள செல்கள் எடுத்துக்கொண்டதுபோக, அவ்வளவு தூரம்தான் போய்ச்சேர்கிறது.

செத்த நடுப்பகுதிக்கும் உயிருள்ள விளிம்புக்கும் இடையில், சாகவும் இல்லாமல் மூச்சும் கிடைக்காமல் ஒரு வரிசைச் செல்கள் இருக்கும். எங்களுக்குப் பெரிய தலைவலி அவைதான். கதிர் பட்டதும் மரபணு இழையில் ஏற்படும் காயத்தில், மில்லி நொடிகளுக்குள் ஆக்சிஜன் வந்து ஒட்டினால் அந்தக் காயம் நிலைத்துவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிஜன் அறவே இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும்.

ஏழு வாரமாகப் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு காரணமும் இதுதான். இன்றைய கதிரில் ஆக்சிஜன் கிடைத்த செல்கள் சாகும். அவை எடுத்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் பின்வரிசைக்குப் போகும். அடுத்தடுத்த நாள்களில் அந்தப் பின்வரிசையும் கதிருக்கு மசியும். அதனால் நடுவில் நாள் விடாமல் போவது முக்கியம்.

சித்தப்பா புகைபிடிப்பவரா?

தாமிரபரணி

பீடி. நோய் தெரிந்த பிறகு குறைத்திருக்கிறார், விடவில்லை.

கதிர்ப்பட்டறை

அப்படியானால் ஆக்சிஜனுக்காக அவர் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான், செலவும் இல்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறும்போது புகைத்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைந்ததையும் ஆயுள் குறைந்ததையும் 1993இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. முதல் நாள் கதிருக்கு முன்பே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

வேப்பமரம்

எனக்கு ஒரு கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கீமோவோடு சேர்த்துத் தினமும் காலையில் மூச்சுப்பயிற்சி செய்தார். அந்த நாள்களைத் தாங்க அது அவருக்குக் கைகொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள். குறைவாக இருப்பதைக் கூட்டிக் கொடுப்பதுதானே வைத்தியம்? பிறகு ஏன் ஆக்சிஜன் என்றாலே மோசடி என்கிறீர்கள்?

கதிர்ப்பட்டறை

மூச்சுப்பயிற்சி மனத்துக்கும் உடலுக்கும் தெம்பு தரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை ஐயா. சித்தப்பாவும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நலமாக உள்ள ஒருவரின் தமனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. ஆழ மூச்சு இழுத்தால் அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. குறை இருப்பது நுரையீரலில் அல்ல, கட்டிக்குள் இருக்கும் குழாய்களில். அவை கோணல்மாணலாக வளர்ந்தவை. சில முட்டுச்சந்தில் முடியும், சில கசியும், சில நிமிடக் கணக்கில் அடைத்துத் திறக்கும்.

அழுத்த அறை வேறு விஷயம். மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால், ஹீமோகுளோபின் துணையில்லாமலே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கணிசமான ஆக்சிஜன் கரையும். இது புதிய யோசனையும் இல்லை, யாரும் மறைக்கவும் இல்லை. 1950களிலேயே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளியை அழுத்த உருளைக்குள் படுக்கவைத்து, அந்த நிலையிலேயே கதிர் கொடுத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் பல நாடுகளில் சோதித்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் கட்டி அடங்குவது சற்றுக் கூடியது. கூடவே வலிப்பும், நல்ல திசுவில் கடுமையான கதிர்க் காயமும் கூடின. நடைமுறையும் கடினம். அதனால் கைவிட்டார்கள். கவனியுங்கள்: அங்கேயும் ஆக்சிஜன் கட்டியைக் கொல்லவில்லை. கதிர் கொல்வதற்கு அது உதவியது, அவ்வளவுதான். கதிரே இல்லாமல் அறையில் மட்டும் உட்காரவைத்துப் புற்றுநோய் தீரும் என்று காசு வாங்குவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

நெறியாளர்

மையங்களின் பெயர்களை இங்கே குறிப்பிட வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

ஆய்வகவாசி

வேப்பமரம் ஐயா கேட்டது நல்ல கேள்வி. “குறைந்ததைக் கூட்டினால் போதாதா?” என்பதற்குக் கதிர் பக்கத்துப் பதில் வந்துவிட்டது. மரபணு பக்கத்துப் பதில் இன்னும் ஆழமானது. நான் செல் உயிரியல் ஆய்வில் இருப்பவன்.

மூச்சு கிடைக்காத செல் சும்மா கிடந்து சாவதில்லை. தன் மரபணுக்களில் எதை இயக்குவது, எதை நிறுத்துவது என்ற ஏற்பாட்டையே மாற்றிக்கொள்கிறது. அதை முன்னின்று நடத்துவது ஹிஃப் என்ற புரதம். பால்டிமோரில் கிரெக் செமன்சாவின் குழு 1992இல் இதை அடையாளம் கண்டது. புற்றுநோயைத் தேடிப் போய்க் கண்டுபிடித்ததும் இல்லை. இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன், ஆக்சிஜன் குறைந்தால் ஏன் கூடுகிறது என்று தேடியபோது கிடைத்தது.

இது இயங்கும் விதம்தான் அழகு. திறந்த குழாயும் திறந்த வடிகாலும் உள்ள ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல் எப்போதும் ஹிஃப்பின் ஒரு பாதியான ஹிஃப்-ஆல்ஃபாவைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, அதை உடனுக்குடன் அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் வடிகால் அடைபடும், தொட்டி சில நிமிடங்களில் நிரம்பும். புதிதாகத் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

அழிப்பது எப்படி? சில நொதிகள் ஆக்சிஜனையே எடுத்து, ஹிஃப்-ஆல்ஃபாவில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு ஹைட்ராக்சில் முத்திரை குத்துகின்றன. முத்திரை விழுந்ததை வி.எச்.எல். என்ற புரதம் பிடித்து அழிப்புக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் முத்திரை இல்லை, முத்திரை இல்லையென்றால் வி.எச்.எல். பிடிக்காது. ஆக்ஸ்போர்டில் பீட்டர் ராட்க்ளிஃப், பாஸ்டனில் வில்லியம் கேலின் ஆகியோரின் குழுக்கள் 2001இல் தனித்தனியாக இதை வெளியிட்டன. 2019 நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான்.

தப்பிய ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் வி.ஈ.ஜி.எஃப்., சர்க்கரையை உள்ளிழுக்கும் குளூட்-1, லாக்டிக் அமிலத்தால் கூடும் புளிப்பைச் சமாளிக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9, சுற்றியுள்ள திசுவை இறுக்கிப் பரவலுக்கு வழி செய்யும் லைசில் ஆக்சிடேஸ் என்று வரிசை நீளம். மலை ஏறும்போதும், காயம் ஆறும்போதும், கரு வளரும்போதும் நமக்கு வாழ்வு தரும் ஏற்பாடு இது. கட்டி அதையே தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இதோடு ஒரு களையெடுப்பும் நடக்கிறது. பி-53 என்ற காவல் மரபணு ஒழுங்காக உள்ள செல், ஆக்சிஜன் பஞ்சத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்த மரபணு பழுதான செல் அப்படிச் செய்யாது, பிழைத்துக்கொள்ளும். 1996இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. ஆக, பஞ்சம் முடியும்போது மிஞ்சியிருப்பவை பொல்லாத செல்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹோக்கல் குழுவினர், கர்ப்பப்பை வாய்க் கட்டிகளில் ஊசி மின்முனையைச் செருகி ஆக்சிஜனை அளந்து, சராசரி அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்த பெண்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு பெற்றவர்களில் மட்டுமல்ல, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிலும் அப்படித்தான். கதிர் தோற்றதால் மட்டும் வந்த விளைவு என்றால் அறுவைசிகிச்சையில் அது தெரிந்திருக்கக் கூடாது. கட்டியின் குணமே மாறியிருந்தது.

இதனால்தான் ‘கூட்டிக் கொடுத்தால் தீரும்’ என்ற கணக்கு உதைக்கிறது. நாளைக்கு ஆக்சிஜன் வந்தாலும், பஞ்ச காலத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட செல்கள் திரும்பவும் நல்லவையாக மாறப்போவதில்லை.

முத்துச்சிப்பி

நான் செவிலியர். எங்கள் வார்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பலருக்கு ஹீமோகுளோபின் 8, 9தான் இருக்கும். மாதக்கணக்கில் இரத்தப்போக்கை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்கு முன் இரத்தம் ஏற்றச் சொல்லி மருத்துவர் எழுதுவார். எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டால் இரத்த தானத்துக்கு ஆள் தேட வேண்டாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் போடுகிறோம், இவர்களுக்கு ஏன் யோசிக்கிறார்கள் என்று எனக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆய்வகவாசி

முத்துச்சிப்பி அக்கா, இந்த இழைக்கே மையமான கேள்வி இது. தர்க்கப்படி அந்த ஊசி வேலை செய்திருக்க வேண்டும். இரத்தசோகை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சின் பலன் குறைகிறது, ஊசி போட்டால் ஹீமோகுளோபின் ஏறும், கட்டிக்கு ஆக்சிஜன் போகும், கதிர் நன்றாக வேலை செய்யும். ஜெர்மனியில் ஹென்கே என்பவர் தலைமையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 351 பேரிடம் இதைச் சோதித்து 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் எதிர்பார்த்தபடியே ஏறியது. ஆனால் கட்டி அடங்குவதும் ஆயுளும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட மோசமாக இருந்தன. மற்ற ஆய்வுகளிலும் இப்படிப்பட்ட முடிவுகள் சேர்ந்த பிறகு, 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஊசிகளின் உறையில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தது.

காரணத்தில் இன்னும் சர்ச்சை உண்டு. இரத்தம் உறைந்து அடைப்பது ஒரு காரணம் என்பது உறுதி. கட்டி செல்களே அந்த ஹார்மோனுக்குச் செவிசாய்க்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் ‘ஆக்சிஜனை எப்படியாவது கூட்டு’ என்ற எளிய கணக்கை நம்பி 351 பேரிடம் முறையாகப் பரிசோதித்ததால்தான் இந்த உண்மை தெரிந்தது. பரிசோதிக்காமல் எல்லோருக்கும் போட்டிருந்தால் எத்தனை பேரை இழந்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வாட்ஸ்அப் வைத்தியத்தின் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

நுண்ணோக்கி

நோய்க்குறியியல் துறையில் வெகுகாலமாகப் பயாப்சி பார்க்கிறவள். ஆய்வகவாசி சொன்ன கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9ஐ நான் கண்ணால் காண்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் புரதத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டும் சாயம் ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பை வாய்க் கட்டியிலோ கழுத்துக் கட்டியிலோ சீவல் எடுத்துச் சாயமிட்டால், இரத்தக் குழாய் அருகில் நிறம் இருக்காது. குழாயிலிருந்து தள்ளிப் போகப்போகப் பழுப்பு தொடங்கும். செத்த பகுதியை ஒட்டி அடர்ந்த பட்டையாக நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் இளஞ்சிவப்பாக, செல்லின் உட்கரு கரைந்துபோன செத்த திசு. 1955இல் அளந்ததை நிறமாகவே பார்க்கலாம்.

இப்போது சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பரவலான தெளிசெல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியை வெட்டினால் உள்ளே பொன்மஞ்சள். நுண்ணோக்கியில் செல்கள் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் வெளுத்துத் தெரியும். கொழுப்பும் சர்க்கரைச் சேமிப்பும் பதப்படுத்தும்போது கரைந்துபோவதால் அப்படி. செல் கூட்டங்களுக்கு இடையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கும். இரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதே சாயத்தை இட்டால் ஒவ்வொரு செல்லின் சுவரும் பழுப்பு. குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும் செல்லும் பழுப்பு!

ஆக்சிஜன் பக்கத்திலேயே இருக்கிறது, செல் மட்டும் மூச்சு முட்டுவதுபோல் நடந்துகொள்கிறது. காரணம், இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். மரபணு பழுதாகிவிட்டது. முத்திரை விழுகிறது, பிடித்து அழிக்க ஆளில்லை. வேப்பமரம் ஐயா, இந்தக் கட்டிக்கு நீங்கள் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஒன்றும் மாறாது. அதற்கு ஆக்சிஜனைப் பற்றிய செய்தியே போய்ச்சேரவில்லை.

வேப்பமரம்

அம்மா, இது எனக்குப் புதிது. அப்படியானால் ஆக்சிஜனை விட்டுவிட்டு அந்த ஹிஃப்பையே அடக்க மருந்து இல்லையா?

வைகைக்கரை

இருக்கிறது. என் மனைவி அதைத்தான் சாப்பிடுகிறார்.

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். அவருக்கு வி.எச்.எல். நோய், பிறவியிலேயே அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது. ஏறக்குறைய 36,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. விழித்திரை, சிறுமூளை, தண்டுவடம், சிறுநீரகம், கணையம் என்று எங்கெங்கோ கட்டி முளைக்கும். சிறுமூளையில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு முறையும் அறுவைசிகிச்சை ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின இரவும் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

பெல்சுடிஃபான் என்ற மாத்திரை, 40 மில்லிகிராமில் மூன்று, ஒரே வேளையாக. சிறுநீரகத்தில் இருந்த சிறு கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. ஆனால் ஹீமோகுளோபின் 13இலிருந்து 10க்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. புற்றுநோய் மருந்து ஏன் இரத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. பெண்களுக்கு ஒரு முக்கியச் செய்தி: இந்த மருந்து கருவுக்குக் கேடு செய்யும், கருத்தடை ஹார்மோன் மாத்திரைகளின் பலனையும் குறைத்துவிடும். எங்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே இதை அழுத்திச் சொன்னார்கள்.

ஆய்வகவாசி

வைகைக்கரை, மருந்து வேலை செய்வதால்தான் அந்த இறக்கம். ஹிஃப்பில் இரண்டு முக்கிய வகை உண்டு. தெளிசெல் சிறுநீரகப் புற்றுநோயை வளர்ப்பது பெரும்பாலும் ஹிஃப்-2. நம் எல்லோர் உடம்பிலும் எரித்ரோபொய்ட்டின் மரபணுவை இயக்குவதும் அதே ஹிஃப்-2தான். கட்டியில் அதை நிறுத்தும் மாத்திரை, எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கும் சிறுநீரகத்தில் மட்டும் சும்மா விடாது. எரித்ரோபொய்ட்டின் குறையும், சிவப்பணு குறையும். முக்கிய ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு இரத்தசோகை வந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவே குறைவதும் சிலருக்கு உண்டு. அதனால்தான் ஹீமோகுளோபினையும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அளவையும் விடாமல் பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சு வாங்குவதை அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்காமல் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். மருந்தைச் சில நாள் நிறுத்துவதற்கும் அளவைக் குறைப்பதற்கும் வழிமுறை இருக்கிறது.

இந்த மாத்திரை வந்த வரலாறு எனக்குப் பிடித்தமானது. இப்படி மரபணுக்களை இயக்கும் புரதங்களின் மேல் மருந்து ஒட்ட இடமே இல்லை என்று வெகுகாலம் நம்பினார்கள். டல்லாஸில் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் ஹிஃப்-2 ஆல்ஃபாவுக்குள் ஒரு சின்னப் பொந்து இருப்பதைக் கண்டார்கள். அதில் ஒரு மூலக்கூறு போய் உட்கார்ந்தால் புரதம் தன் கூட்டாளியோடு சேர முடியாது, சேராவிட்டால் எந்த மரபணுவையும் இயக்க முடியாது. 61 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் 49 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 2021 ஆகஸ்டில் வி.எச்.எல். நோய்க்கும், 2023 டிசம்பரில் மற்ற மருந்துகளுக்கு மசியாத முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கரிசல்மண்

எல்லோரும் சொல்வதைப் படித்துவிட்டு ஒரு முரண்பாடு தோன்றுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் கட்டி பொல்லாததாகிறது என்கிறீர்கள். ஆனால் இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுத்துக் கட்டியைப் பட்டினி போடும் மருந்தும் கொடுக்கிறார்களே. என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோயில் பெவாசிசுமாப் ஏற்றினார்கள். அது நிலைமையை மோசமாக்காதா?

ஆய்வகவாசி

நியாயமான சந்தேகம். 1971இல் ஜூடா ஃபோக்மன் சொன்ன யோசனை பட்டினி போடுவதுதான். வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடித்துவைக்கும் பெவாசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, ஆனால் கீமோவோடு சேர்த்துத்தான். ராகேஷ் ஜெயின் என்ற பாஸ்டன் ஆய்வாளர் இதற்கு வேறு விளக்கம் தந்தார்: அளவோடு தடுத்தால் கோணல் குழாய்கள் உதிர்ந்து மீதமுள்ளவை ஒழுங்காகும், கசிவு குறையும், ஆக்சிஜனும் கீமோவும் சிறிது காலத்துக்கு நன்றாகப் போய்ச்சேரும். அளவு மீறினால் நீங்கள் பயப்படுவது நடக்கக்கூடும். விலங்குச் சோதனைகளில் அதையும் கண்டிருக்கிறார்கள். எப்போது, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நுண்ணோக்கி

ஹிஃப்போடு கதை முடிவதில்லை என்பதையும் சேர்க்கலாம். மரபணு இழை சுற்றிவைக்கப்பட்டிருக்கும் புரதங்களிலும், இழையின் மேலேயும் உள்ள மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை நீக்கும் நொதிகள் சிலவற்றுக்கும் ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் குறிகள் நீங்காமல் தங்கி, கட்டியை அடக்கும் மரபணுக்கள் சில ஊமையாகின்றன. பெல்ஜியத்திலிருந்து 2016இல் வந்த ஆய்வு, கட்டிகளில் இது நடப்பதைக் காட்டியது. ஹிஃப்பை மட்டும் அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தாமிரபரணி

எல்லோருக்கும் நன்றி. இத்தனையும் வீட்டில் வாசித்துக்காட்டினேன். பெராக்சைடு பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது. சித்தப்பாவின் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவா என்று பார்த்து அதற்கேற்ற மருந்து சேர்த்துக் கொடுக்க முடியாதா என்று சித்தி கேட்கிறார்.

ஆய்வகவாசி

சித்தி கேட்பது அறுபது ஆண்டு ஆராய்ச்சியின் கேள்வி. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மாத்திரையைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனின் வேலையைச் செய்யக்கூடியது அது. தொண்டை, குரல்வளைப் புற்றுநோயில் ஐந்தாண்டு முடிவில் கட்டி அடங்கியிருந்தது 49 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 33 சதவீதம். 1998இல் வெளியானது. அங்கே அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. பிறகு அதே நோயாளிகளின் பழைய பயாப்சிகளை எடுத்து, ஆக்சிஜன் குறைந்தால் மாறும் 15 மரபணுக்களை அளந்து பார்த்தார்கள். மாத்திரையால் பலன் பெற்றது அந்த மரபணுக்கள் ‘பஞ்சம்’ என்று காட்டியவர்கள்தான். மின்முனை செருகாமல், பயாப்சியிலேயே யாருக்கு எது என்று பிரிக்கலாம் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. எனக்கு இன்னும் அந்த நம்பிக்கை உண்டு.

கதிர்ப்பட்டறை

அந்த நம்பிக்கையில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பிரிட்டனில் நிம்ராட் என்ற ஆய்வில் நிமோரசோலைச் சேர்த்துப் பார்த்தார்கள், மரபணுக்களையும் அளந்தார்கள். பலன் தெரியவில்லை. ஆக்சிஜன் இல்லாத செல்களை மட்டும் கொல்லும் டிராபசமின் என்ற மருந்து, 861 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில் 2010இல் தோற்றது. யாருடைய கட்டியில் பஞ்சம் இருக்கிறது என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்ததால் தோற்றது என்று ஆய்வகவாசி சொல்வார். அதில் நியாயம் உண்டு. ஆனால் இன்றைக்குச் சித்தப்பாவுக்கு எழுதித்தரும் நிலையில் நம்மிடம் எதுவும் இல்லை என்பதைச் சித்தியிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அந்த 861 பேர் ஆய்வில் இன்னொன்று வெளிவந்தது. எல்லோருடைய கதிர்வீச்சுத் திட்டங்களையும் நிபுணர்கள் பின்னால் மறுபடி ஆராய்ந்து பார்த்தார்கள். திட்டத்தில் பெரிய குறை இருந்தவர்களில் இரண்டாண்டு உயிரோடு இருந்தவர்கள் 50 சதவீதம். விதிப்படி திட்டம் அமைந்தவர்களில் 70 சதவீதம். எந்த ஆக்சிஜன் மருந்தும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொடுத்ததில்லை. எங்கள் துறையில் வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் இந்த எண்களைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆகவே சித்தி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. திட்டத்தை இன்னொரு கதிர்வீச்சு மருத்துவரும் பார்த்தாரா? கதிரோடு சேர்த்து சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அவருக்குத் தேவையா, சிறுநீரகமும் காதும் அதைத் தாங்குமா? பல் மருத்துவரிடம் காட்டியாயிற்றா? ஹீமோகுளோபின் எவ்வளவு, இரத்தம் ஏற்ற வேண்டுமா? விடுமுறை நாளில் மெஷின் ஓடாவிட்டால் அந்த ஒரு வேளைக் கதிரை எப்படி ஈடுகட்டுவார்கள்? மூன்றாவது, நான்காவது வாரத்தில் தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போகும். அப்போதுதான் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். எடை குறைந்தால் முகத்துக்கென்று வார்த்த மாஸ்க் தளர்ந்து, கதிர் விழும் இடமும் விலகும். உணவு செலுத்தும் குழாய் வைப்பது பற்றி இப்போதே பேசிவையுங்கள். ஆக்சிஜன் அறைக்கு எடுத்துவைத்த பணம் இருந்தால், ஏழு வாரமும் மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்துவிடுங்கள். பஸ் தவறி ஒரு நாள்கூடக் கதிர் விட்டுப்போகாது.